கடைத்தெருவும் கணினித்தெருவும் – 7
பெயர் யார் பெயரில்?

சென்ற வாரம் கடைக்குப் பொருத்தமான இணையப் பெயரைத் தேர்ந்தெடுப்பது குறித்துப் பிரஸ்தாபித்தபோது, கிடைத்த பெயரைக் கைநழுவ விடாமல் காப்பது எப்படி என்பதை இந்த வாரத்துக்கென்று ஒத்திவைத்திருந்தேன். அதற்குள் அந்த விஷயமே என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

வந்தவர், தென்காசிப் பக்கம் மரச்செக்கு எண்ணெய் வியாபாரம் செய்யும் என் மைத்துனர். “அத்தான், எட்டு வருஷமா புட்டி லேபிளிலே அச்சடிச்சிட்டு வாற பேரு. போன மாசம் திறந்தா ஏதோ சீட்டாட்ட விளம்பரமா வந்தது, இப்போ அதுவும் வரலை” என்றார்.

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. அவருடைய தெருவிலேயே கணினி படித்த ஒரு பையன், பிரியத்தின் பேரில் தளத்தை அமைத்துக் கொடுத்தபோது, பெயரையும் தன் பெயரிலேயே, தன் மின்னஞ்சலைக் கொடுத்து, தன் கார்டிலேயே பணம் கட்டிப் பதிவு செய்திருக்கிறான். பிறகு வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான். காலாவதியாகப் போகிறது என்று வந்த எச்சரிக்கைக் கடிதங்களெல்லாம், அவன் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்ட பழைய அஞ்சல் பெட்டியில் போய் விழுந்திருக்கின்றன. இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. உபகாரம் செய்யப் போய் விளைந்த உபத்திரவம்தான்.

இணையப் பெயரை ‘வாங்கினேன்’ என்று நாம் சொல்வது வழக்கமே தவிர, உண்மையில் அது குத்தகை. ஒரே தடவையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் கிடைக்காது. ‘.காம்’ பெயர்களின் மூலப் பதிவேட்டை வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனமும், நம் ‘.இன்’ பெயர்களுக்கானதை நிக்ஸி என்ற நிறுவனமும் பராமரிக்கின்றன. நாம் பணம் கட்டும் ரிஜிஸ்ட்ரார், அவர்களுக்கும் நமக்கும் இடையே நிற்கும் முகவரே. பணம் கொடுத்தது யார், லேபிள் அச்சடித்தது யார் என்பதையெல்லாம் அந்தப் பதிவேடு அறியாது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே நிலத்துக்கு உடையவர் என்பதைப்போல, உரிமையாளர் என்ற இடத்தில் எழுதப்பட்டிருப்பவரே அதற்கு உரிமையாளர்.

என் பெயரன் தன் மடிக்கணினியில், இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ‘ஐகான்’ (ICANN) அமைப்பின், பதிவு விவரம் காட்டும் பக்கத்தைத் திறந்து மைத்துனரின் தள முகவரியைத் தட்டினான். நிலை என்ற வரியில் ‘ரிடெம்ப்ஷன் பீரியட்’ என்று வந்தது. ‘.காம்’ பெயர் காலாவதியானவுடன் ரிஜிஸ்ட்ரார் சில நாள் தவணை கொடுப்பது வழக்கம். விளம்பரம் வந்தது அந்தக் காலத்தில். அதுவும் கடந்து பெயரை நீக்கிவிட்டால் மீட்புக் காலம் 30 நாள். அதில் தளம் அறவே திறக்காது, மீட்பதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. அதையும் தவறவிட்டால் 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். பழைய பெயர்களுக்காகவே அங்கே இயந்திரங்களை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் உண்டு.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயிலுக்குள் நுழைய வழியில்லாமல் பலர் தவித்தார்கள். அந்த நுழைவைச் சரிபார்த்த தன் ‘பாஸ்போர்ட்.காம்’ என்ற பெயரை மைக்ரோசாஃப்ட் புதுப்பிக்க மறந்திருந்ததே காரணம். மைக்கேல் சேனி என்ற புரோகிராமர் தம் சொந்தக் கார்டிலிருந்து 35 டாலர் கட்டி அதைச் சரிசெய்தார்.

மறதியைவிடக் கொடியது களவு. எழுதக் கூசும் ஒரு ‘.காம்’ பெயரை 1994-இல் பதிவு செய்திருந்த கேரி கிரெமன் என்பவரிடமிருந்து, அடுத்த ஆண்டே ஸ்டீபன் கோஹன் என்பவர், பதிவு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பொய்க் கடிதத்தை அனுப்பிக் கவர்ந்துகொண்டார். கோர்ட்டுப் படியேறி அதை மீட்கக் கிரெமனுக்கு 2000-ஆம் ஆண்டு வரை ஆயிற்று. இன்றைக்குக் கடிதம் தேவையில்லை. உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல் அகப்பட்டால் போதும். ஆகவே ரிஜிஸ்ட்ரார் கணக்குக்கு, கைப்பேசிக்கு வரும் எண்ணையோ செயலி காட்டும் எண்ணையோ கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு அவசியம். பெயரை வேறிடத்துக்கு மாற்றவிடாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக்கும் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல், அதே பெயரில் அமைந்த முகவரியாக மட்டும் இருக்கக்கூடாது. பெயர் காலாவதியானால் அஞ்சலும் நின்றுவிடும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

மைத்துனரின் விவகாரத்துக்கு வருகிறேன். பையனின் தாயாரிடம் எண் வாங்கி, நடுநிசியில் அவனை எழுப்பினோம். “மாமா, மன்னிச்சிருங்க” என்றவன், அப்போதே கணக்கைத் திறந்து, ஆண்டுக் கட்டணத்தைப்போல் பல மடங்கு கட்டிப் பெயரை மீட்டான். பிறகு முறைப்படி மைத்துனரின் பெயருக்கே மாற்றியும் கொடுத்தான். அடுத்த காலாவதித் தேதி இப்போது கடையின் கணக்கு நோட்டில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, சிவப்பு மையில் இருக்கிறது.

வாசகர்கள் தத்தம் கடைப் பெயர் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள். தளம் செய்து கொடுத்த பையனின் பெயரில் இருக்குமானால், அவன் ஊரில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.