விஷத்தை ஜீரணித்த ஹவாய் ஆடுகள்!

குட்டீஸ், விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போனால் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். நீளமான தொரட்டியால் மரத்திலிருந்து தழை ஒடித்து, கட்டாகக் கட்டிக் கொட்டகையில் தொங்க விடுவார்கள். ஏன் தரையில் போடுவதில்லை தெரியுமா? ஆடு ரொம்ப சுத்தம் பார்க்கும்! காலில் மிதிபட்ட தழையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

புல் காய்ந்து போகும் மாதங்களில் மாட்டுக்கு மிஞ்சுவது வைக்கோல்தான். அதில் புரதச்சத்து மிகக் குறைவு. வைக்கோலை மட்டுமே தின்னும் மாடு, வயிறு நிறைந்தும் இளைத்துப் போகும். ஆச்சரியமாக இருக்கிறதா? உண்மையில், வைக்கோலைத் தானாக ஜீரணிக்க மாட்டால் முடியாது! அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றுக்கும் சத்து வேண்டுமே! அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல் தழைகளைக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால், அவற்றிலுள்ள புரதத்தால் நுண்ணுயிர்கள் பெருகும். வைக்கோலும் நன்றாக ஜீரணமாகும்.

இந்த மரங்களில் சூபாபுல் மட்டும் கொஞ்சம் பொல்லாதது. சிலர் இதைச் சவுண்டல் என்பார்கள். மெக்சிகோ பக்கத்து மரம். காய்ந்த இலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. கூடவே மிமோசின் என்ற நச்சும் இருக்கிறது! ஆஸ்திரேலியாவில் இதை அதிகமாகத் தின்ற மாடுகளுக்கு எச்சில் ஒழுகியது, முடி கொட்டியது, எடை குறைந்தது. மிமோசின் வயிற்றுக்குள் போய் இன்னொரு நச்சாக மாறி, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை வீங்க வைத்ததுதான் காரணம்.

ஆனால் ஹவாய் தீவு ஆடுகள் இதே தழையை வயிறு முட்டத் தின்றுவிட்டு ஜாலியாகத் திரிந்தன. அது எப்படி?

ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் இதைக் கவனித்தார். நச்சை உடைக்கும் ஏதோ ஒரு நுண்ணுயிர் ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் இருக்க வேண்டும், அது நம் ஊர் மாடுகளிடம் இல்லை என்று நினைத்தார். 1980களில் அந்த ஆடுகளின் இரைப்பை நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து ஆஸ்திரேலிய ஆடு, மாடுகளின் வயிற்றில் செலுத்தினார்கள். (கேட்கவே 'உவ்வே' என்று இருக்கிறது, இல்லையா?) அவை சூபாபுல்லைத் தின்றும் முன்போல நோய்வாய்ப்படவில்லை! நச்சை உடைத்த பாக்டீரியாவுக்கு 1992ல் ஜோன்ஸின் பெயரையே சேர்த்து 'சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை' என்று பெயர் வைத்தார்கள்.

நம் ஊரில் சூபாபுல் கொடுப்பவர்கள் மற்ற தீவனத்தோடு கலந்து, மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். குதிரைக்கு மட்டும் கூடவே கூடாது. அது அசைபோடும் பிராணி இல்லையே! பிடரி முடியும் வால் முடியும் கொட்டி, மொட்டை வாலோடு நிற்கும்.