வெண்திரையின் முன் குழந்தை முகம்

பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் குழந்தையின் புகைப்படத்திற்கு இரண்டு கடமைகள் உண்டு. ஊரிலுள்ள பாட்டனார், பாட்டியாருக்குப் பேரப்பிள்ளையின் முகத்தைக் காட்டுவது ஒன்று. அரசாங்கத்திற்கு அடையாளம் கூறுவது மற்றொன்று. நான்கு வயது நிரம்பாத குழந்தைக்குப் பாஸ்போர்ட் வேண்டின், வெண்மையான பின்னணியில் எடுத்த 4.5 சென்டிமீட்டர் உயரமும் 3.5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள படத்தைப் பெற்றோரே கொண்டுசெல்ல வேண்டும்.

இதற்குப் பெரிய சாதனங்கள் வேண்டுவதில்லை. மடிப்பு நீங்கத் தேய்த்த வெள்ளை வேட்டி ஒன்றும், அகன்ற ஜன்னலும், கைப்பேசியும் போதும்.

நிழலின் இயல்பு

சுவரை ஒட்டிக் குழந்தையை அமர்த்தினால் தலையைச் சுற்றிக் கருநிழல் படியும். நான்கடி முன்னே அமர்த்தி, பக்கவாட்டு ஜன்னலின் ஒளியைப் பயன்படுத்தினால் அந்நிழல் படத்திற்கு வெளியே விழுந்துவிடும். ஒளி வரும் பரப்பு சிறிதாயின் நிழலின் ஓரம் கூர்மையாகும், பெரிதாயின் மென்மையாகும். ஆகையால் நேர் வெயிலும் கைப்பேசியின் பளிச்சொளியும் ஆகா. வெண்திரையிட்ட ஜன்னலே உத்தமம். மின்விளக்கையும் அணைத்துவிடுக, பகலொளியோடு அது கலந்தால் வேட்டியின் வெண்மையில் மஞ்சள் ஏறும்.

பாஸ்போர்ட் படத்தில் முகத்தின் இருபுறமும் ஒளி சமமாக இருத்தல் வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ப்புறம் வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்தால் நிழலுற்ற கன்னமும் தெளியும். பாட்டியாருக்கு அனுப்பும் படத்திலோ, சிறிது நிழலை விட்டுவைப்பதே அழகு. கன்னத்தின் உருட்சியைக் காட்டுவது அந்நிழலேயன்றோ!

உட்காரத் தெரியாத சிசுவைத் தரையில் விரித்த வேட்டியின்மீது, தலை ஜன்னற்பக்கம் இருக்கக் கிடத்துக. கால்பக்கமிருந்து ஒளி வந்தால் முகவாயினின்று நிழல் மேலேறி முகம் விகாரப்படும். எடுப்பவர் நிழலும் பிள்ளைமீது விழலாகாது.

காமிராவின் கணக்கு

எதிரிலுள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்னும் கணக்கில் ஒளியை அளப்பது காமிராவின் வழக்கம். எனவே வெள்ளைத் துணி மிகுந்தால் அது ஒளியைக் குறைத்துவிடுகிறது. துணி மங்குகிறது, குழந்தையின் முகமோ கறுத்துப்போகிறது. திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே உயர்த்தினால் இக்குறை நீங்கும்.

இதை அறியாதார் குற்றத்தைக் குழந்தையின் நிறத்தின்மேல் சுமத்துகின்றனர். கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களைச் சரிபார்க்க நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் உருவமுள்ள அட்டையையே அளவுகோலாகக் கொண்டிருந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. இன்றும் சில ஸ்டூடியோக்களில், கேளாமலே கணிப்பொறியால் பிள்ளையின் முகத்தை வெளுத்துத் தருகிறார்கள். நம் பெற்றோர் சிலர் அதை மகிழ்ந்தும் ஏற்கின்றனர். அவ்வாறு திருத்திய படம் அடையாளத்திற்கு உதவாது. அன்றியும், தன் நிறம் திருத்தத்தக்கதொரு பிழை என்று குழந்தைக்கு அது கற்பித்துவிடும்.

திருத்த வேண்டியது வெளிச்சத்தையே. ஊரிலிருக்கும் பாட்டியார் அப்படத்தில் தேடுவது தம் குடும்பத்தின் சாயலை. அதை வெளுத்து அழித்து அனுப்புவது முறையன்று.