பழைய லென்ஸும் புதிய காமிராவும்

பள்ளிக்கூட ஆய்வுக்கூடங்களிலும் இலாகா அலுவலகங்களின் பீரோக்களிலும் ஃபிலிம் காமிராக் காலத்து லென்ஸுகள் இன்றும் கிடக்கக் காணலாம். காமிரா பழுதாயிற்று, ஃபிலிம் கிடைப்பதும் அரிதாயிற்று. ஆகவே அதனுடன் வந்த லென்ஸும் பயனற்றதென்று கருதப்பட்டுக் கழிவுப் பொருள்களின் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. இது சரியன்று. காமிரா என்பது ஒளி புகாத ஒரு பெட்டி. பிம்பத்தை உண்டாக்குவது லென்ஸே. நன்கு பாதுகாக்கப்பட்ட லென்ஸ் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் தன் வேலையைச் செவ்வனே செய்யும். அதனை இன்றைய மிர்ரர்லெஸ் காமிராவில் பொருத்துவதற்கு அடாப்டர் எனப்படும் உலோக வளையம் ஒன்று போதும். பூச்சிகளையும் பயிர் நோய்களையும் கிட்டத்தில் படம் பிடிக்க வேண்டிய விஸ்தரிப்பு ஊழியருக்கும், ஒளியியல் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இது மிக்க பயனுள்ள விஷயமாகும். ஆனால், எந்த லென்ஸ் எந்தக் காமிராவில் பொருந்தும் என்பதை அறியாமல் வளையத்தை வாங்குவது வீண் செலவாகவே முடியும்.

லென்ஸுக்குப் பின்னுள்ள தூரம்

ஒவ்வொரு காமிராவிலும் லென்ஸ் வந்து அமரும் உலோக விளிம்புக்கும், பிம்பம் விழும் தளத்துக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. முன்பு அத்தளத்தில் ஃபிலிம் இருந்தது. இப்போது மின்னணுச் சென்சார் இருக்கிறது. இத்தூரத்தை இங்கே இருக்கைத் தூரம் என்று அழைப்போம். காமிராவைச் செய்தவர் இத்தூரத்தை முதலில் வரையறுத்துக் கொண்டு, அதற்கேற்பவே லென்ஸைச் செய்கிறார்.

ஃபிலிம் காலத்து ரிஃப்ளெக்ஸ் காமிராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சாய்வான ஆடியொன்று இருந்தது. லென்ஸ் வழியே வந்த ஒளியை மேல்நோக்கித் திருப்பிக் கண்ணுக்குக் காட்டுவது அதன் வேலை. படம் பிடிக்கும் கணத்தில் அது மேலே எழும்பி ஒளிக்கு வழிவிடும். ஆடி எழுந்து இறங்குவதற்கு இடம் வேண்டுமாதலால், இருக்கைத் தூரமும் அதிகமாக இருந்தது. டிரெஸ்டன் நகரில் 1949-இல் வெளிவந்த காண்டாக்ஸ் எஸ் காமிராவில் அமைந்ததும், பின்னர் பெண்டாக்ஸ், பிராக்டிகா, ஜெனித் முதலியவை கைக்கொண்டதுமான 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரை இணைப்பில் இத்தூரம் 45.46 மில்லிமீட்டர். 1959-இல் தொடங்கிய நிக்கான் எஃப் வரிசையில் 46.5, காமிராக் கம்பெனியான கானனின் எஃப்டி வரிசையில் 42.

மிர்ரர்லெஸ் என்றால் ஆடி இல்லாதது என்று பொருள். இவ்வகைக் காமிராவில் சென்சாரே பிம்பத்தை இடையறாது வாங்கி, சிறு திரையில் காட்டிக் கொண்டிருக்கிறது. லென்ஸை மாற்றக்கூடிய இத்தகைய காமிரா 2008-ஆம் ஆண்டு முதல் பரவலாயிற்று. ஆடிக்கு இடம் விட வேண்டாமையால் இருக்கைத் தூரம் வெகுவாகக் குறைந்தது. சோனி இ இணைப்பில் 18 மில்லிமீட்டர். ஃபூஜி எக்ஸ் இணைப்பில் 17.7; 2018-இல் வந்த நிக்கான் இசட் இணைப்பில் 16; அவ்வாண்டே வந்த கானன் ஆர்எஃப் இணைப்பில் 20.

இனிக் கணக்கு எளிது. 45.46 மில்லிமீட்டர் தொலைவில் பிம்பத்தை விழச் செய்யும் மரை லென்ஸை, 18 மில்லிமீட்டர் உடைய சோனி காமிராவில் வைக்க வேண்டுமானால், இடையே 27.46 மில்லிமீட்டர் நீளமுள்ள வெறும் குழாய் வேண்டும். அடாப்டர் என்பது இவ்வளவே. அதில் கண்ணாடி ஏதும் இல்லை. ஆகவே பிம்பத்தின் தெளிவை அது குறைப்பதில்லை.

ஒரு குடும்பத்தின் பிரிவினை

இத்தூரம் எவ்வளவு கண்டிப்பானது என்பதற்குக் கானன் லென்ஸுகளின் வரலாறே தக்க சான்று. 1987-இல் அக்கம்பெனி தானாகவே குவியப்படுத்தும் புதிய இஓஎஸ் வரிசையைக் கொண்டு வந்தபோது, இருக்கைத் தூரத்தை 42-இலிருந்து 44 மில்லிமீட்டராக உயர்த்தியது. வித்தியாசம் 2 மில்லிமீட்டரே. ஆயினும் அதனால் எஃப்டி லென்ஸுகள் அனைத்தும் ஒரே கம்பெனியின் புதிய காமிராக்களில் உதவாதவை ஆயின.

காரணத்தை வகுப்பறையிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். வெகு தூரத்துப் பொருளுக்கு லென்ஸ் தன் ஆதி நிலையில் நிற்கிறது. பொருள் அருகில் வர வர, லென்ஸ் முன்னே நகர வேண்டும். குவியத் தூரத்தின் வர்க்கத்தைப் பொருளின் தூரத்தால் வகுத்தால், நகர வேண்டிய அளவு ஏறக்குறையக் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இந்த வர்க்கம் 2,500. 25 மீட்டரில், அதாவது 25,000 மில்லிமீட்டரில், நிற்கும் மரத்துக்கு லென்ஸ் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். இரண்டரை மீட்டரில் நிற்கும் மனிதருக்கு 1 மில்லிமீட்டர் நகர வேண்டும். எஃப்டி லென்ஸை இஓஎஸ் காமிராவில் வைத்தாலோ, வளையத்தின் கனம் பூஜ்யம் என்று கொண்டாலும், லென்ஸ் தொடக்கத்திலேயே 2 மில்லிமீட்டர் முன்னே நிற்கிறது. எனவே ஏறக்குறைய 1.3 மீட்டருக்கு அப்பால் உள்ள எதுவும் தெளிவாக விழாது. இக்குறையைப் போக்க நடுவே ஒரு கண்ணாடியை வைத்த வளையங்கள் விற்கப்பட்டன. அவை பிம்பத்தை மங்கச் செய்தன. மிர்ரர்லெஸ் காமிரா வந்த பிறகே, இருபது ஆண்டுகளுக்கு மேல் முடங்கிக் கிடந்த இந்த லென்ஸுகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

இதே கணக்கு அடாப்டரைச் சோதிக்கவும் உதவும். வளையம் 0.1 மில்லிமீட்டர் அதிகக் கனமாக இருந்தால், 50 மில்லிமீட்டர் லென்ஸால் 25 மீட்டருக்கு அப்பால் தெளிவாகக் காண இயலாது. மலை முகடும் தொலைவிலுள்ள ஏரிக்கரையும் மங்கியே விழும். அதே அளவு கனம் குறைந்திருந்தால் தீங்கு அவ்வளவு இல்லை: லென்ஸின் மீது 25 மீட்டர் என்ற குறிக்கு எதிரே வைக்கும்போதே வெகு தூரத்துப் பொருள் தெளிவாகிவிடும். இக்காரணம் பற்றியே பல உற்பத்தியாளர்கள் வளையத்தை வேண்டுமென்றே சற்று மெல்லியதாகச் செய்கின்றனர். ஆகவே லென்ஸின் மேலுள்ள தூரக் குறிகளை நம்பிப் படம் பிடிக்கலாகாது. வளையத்தை வாங்கிய அன்றே, இரவில் சந்திரனையோ பகலில் தொலைவிலுள்ள கோபுரத்தையோ நோக்கிச் சோதித்துக் கொள்வது நலம்.

கையால் செய்ய வேண்டியவை

பழைய லென்ஸுக்கும் புதிய காமிராவுக்கும் இடையே மின் தொடர்பு கிடையாது. காமிராவோ, லென்ஸே பொருத்தப்படவில்லை என்று எண்ணிப் படம் பிடிக்க மறுக்கலாம். லென்ஸ் இல்லாமலும் இயங்க அனுமதிக்கும் விதி அதன் பட்டியலில் இருக்கும். அதை முதலில் இயக்க வேண்டும். ஒளித்துளையை லென்ஸின் வளையத்தைத் திருகி நாமே அமைக்க வேண்டும். அதற்கேற்ற நேரத்தைக் காமிரா தானே கணக்கிட்டுக் கொள்ளும். பழைய ரிஃப்ளெக்ஸ் காமிராவில் துளையைச் சுருக்கினால் காட்சியும் இருண்டுவிடும். மிர்ரர்லெஸ் காமிராவின் திரையோ ஒளியைப் பெருக்கிக் காட்டுவதால், துளை சிறியதாக இருக்கும்போதும் குவியத்தைச் சரிபார்க்கலாம். காட்சியின் ஒரு பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்துக் குவியப்படுத்துவதே உறுதியான முறை. தெளிவான ஓரங்களை வண்ணக்கோடிட்டுக் காட்டும் வசதி விரைவானது எனினும் அவ்வளவு நுட்பமானதன்று.

மரை லென்ஸுகள் சிலவற்றின் பின்புறம் ஒரு சிறு ஊசி நீட்டிக் கொண்டிருக்கும். அது அழுந்தினாலன்றித் துளை சுருங்காது. லென்ஸில் தானியங்கி, கைமுறை என்ற மாற்றுக் கட்டை இருந்தால் கைமுறையில் வைக்க வேண்டும். இல்லையெனில் ஊசியை அழுத்தும் விளிம்புள்ள வளையத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இது தெரியாமல் லென்ஸின் துளை பழுதாகிவிட்டது என்று ஒதுக்குவோர் பலர்.

கை நடுக்கத்தை ஈடுசெய்யச் சென்சாரையே அசைக்கும் வசதி காமிராவில் இருந்தால், லென்ஸின் குவியத் தூரத்தை நாமே எண்ணாகப் பதிய வேண்டும். தவறான எண்ணைக் கொடுத்தால் திருத்தமே நடுக்கமாகிவிடும். மேலும், படத்துடன் பதிவாகும் குறிப்பில் லென்ஸின் பெயரோ துளையின் அளவோ இராது. களப் பதிவுக்காகப் படம் எடுப்பவர் இவற்றைக் குறிப்புப் புத்தகத்தில் உடனுக்குடன் எழுதிக் கொள்வதும், பொருளின் அருகே அளவுகோல் ஒன்றை வைத்தே படம் பிடிப்பதும் அவசியம்.

கிட்டத்துப் படங்களில்தான் பழைய லென்ஸின் பயன் முழுமையாக விளங்கும். முன்பு குறையாயிருந்த அதே விதி இங்கே உதவிக்கு வருகிறது. வெகு தூரத்துக்கு அமைத்த 50 மில்லிமீட்டர் லென்ஸை மேலும் 25 மில்லிமீட்டர் முன்னே தள்ளினால், பிம்பம் பொருளில் பாதி அளவாகும். 50 மில்லிமீட்டர் தள்ளினால் பொருளுக்குச் சமமாகும். நெல் இலையின் மேலுள்ள புள்ளிகளையும், தத்துப்பூச்சியையும், மகரந்தத் தாள்களையும் காட்ட இது போதும். இதற்கான இடைவளையங்களின் விலை, கிட்டப் படங்களுக்கென்றே செய்த புதிய லென்ஸின் விலையில் சிறு பகுதியே. ஆனால் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறுகிவிடுவதால், துளையை 8 அல்லது 11 என்ற எண்ணுக்குச் சுருக்கிக் காமிராவை முக்காலியில் நிறுத்துவது நல்லது. சென்சார் ஃபிலிமைவிடச் சிறியதாக இருந்தால் காட்சியின் பரப்பும் குறையும். சுமார் 23.5க்கு 15.6 மில்லிமீட்டர் அளவுள்ள சென்சாரில் 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஃபிலிமில் 75 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் அளவுக்கே காட்டும்.

பழைய லென்ஸில் ஏதோ மாயம் இருப்பதாகக் கூறுவோரும் உண்டு. சோவியத் நாட்டு ஹீலியோஸ் 44 லென்ஸ், பின்னணியைச் சுழல்வது போல் காட்டுவதற்காகப் பெயர் பெற்றது. உருவப்படத்துக்கு அது அழகாயிருக்கலாம். பயிர் நோயைப் பதிவு செய்பவருக்கு அது குறையே. எதிர்வெயிலிலும், படத்தின் ஓரங்களிலும் புதிய லென்ஸுகளே மேலானவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

லென்ஸைத் தேர்ந்தெடுத்தல்

துளையை முழுவதும் திறந்து, ஒரு முனையில் டார்ச் விளக்கைக் காட்டி மறுமுனையிலிருந்து சாய்வாக நோக்குக. விளக்கை நேராகக் கண்ணில் படவிட வேண்டாம். தூசி சிறிது இருந்தால் பாதகமில்லை. சிலந்தி வலை போன்ற இழைகள் தென்பட்டால் அது பூஞ்சணம். அதிலிருந்து சுரக்கும் அமிலங்கள் நாளடைவில் மேற்பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். அதன் பிறகு துடைத்தாலும் தழும்பு மறையாது.

சில லென்ஸுகள் தேநீர் நிறத்தில் மஞ்சளித்திருக்கும். ஒளியை மிகுதியாக வளைக்கவும் நிறப்பிரிகையைக் குறைக்கவும் 1940-களிலிருந்து 1970-கள் வரை சில கண்ணாடிகளில் தோரியம் ஆக்ஸைடு சேர்க்கப்பட்டது. 50 மில்லிமீட்டர் சூப்பர் டாக்குமார் லென்ஸின் ஒரு வகை இதற்கு உதாரணம். கேரளக் கடற்கரையின் மோனசைட் மணலில் உள்ள அதே தோரியந்தான். அதன் கதிர்வீச்சே கண்ணாடியைப் பழுக்கச் செய்கிறது. புற ஊதாக் கதிர் பல நாள் பட்டால் மஞ்சள் நிறம் பெரும்பாலும் நீங்கும், கதிரியக்கம் நீங்காது. காமிராவில் பொருத்திப் படம் பிடிப்பதில் அச்சத்துக்கு இடமில்லை. ஆனால் அக்கண்ணாடியைத் தேய்ப்பதும், உடைப்பதும், உருப்பெருக்கியாகக் கண்ணருகே நெடுநேரம் வைத்துக் கொள்வதும் கூடா. மாணவர் கையில் கழற்றிப் பார்க்கக் கொடுப்பதற்கும் இது ஏற்றதன்று.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. மிர்ரர்லெஸ் காமிராவில் சென்சார் எப்போதும் லென்ஸை நோக்கித் திறந்தே இருக்கும். அகலத் திறந்த லென்ஸுடன் அதைச் சூரியனை நோக்கி வைத்துவிட்டால், குவிந்த ஒளி உட்பாகங்களைக் கருக்கிவிடக்கூடும். உபயோகிக்காத போதெல்லாம் மூடியை இட்டு வைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் லென்ஸைத் தோலுறையில் வைப்பது வழக்கமாயினும் தவறாகும். தோல் ஈரத்தை இழுத்துப் பூஞ்சணத்துக்கு இடமளிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்குமாறு பார்த்துக் கொள்க. நிறம் காட்டும் வகையாயின், நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் உபயோகிக்கலாம்.