பெயருக்குள் மறைந்த குவாக்கா

செராஸ் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவரிடம் வரிக்குதிரையை வரையச் சொன்னால், அவர் தலை முதல் குளம்பு வரை கோடிடுவார். தமிழில் வரிக்குதிரை, மலாயில் கூடா பெலாங். இரு பெயர்களும் வரியையே அடையாளமாகக் கொண்டுள்ளன. ஆனால், அவ்வரிகள் பாதி உடலோடு நின்றுவிட்ட விலங்கொன்று தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தது. அதன் தலையிலும் கழுத்திலும் முன்னுடலிலும் மட்டுமே வரிகள் இருந்தன. பின்னுடல் பழுப்பு நிறம், கால்கள் வெண்மை. குவாக்கா என்பது அதன் பெயர்.

அப்பெயரை இட்டவர்கள் கோய்கோய் மக்கள். விலங்கின் குரலையே அவர்கள் பெயராக்கினர் என்பர். காக்கை தன் குரலால் பெயர் பெற்றது என்று நாம் கூறுவதும் இவ்வகையினதே. பின்னர் வந்த டச்சுக் குடியேறிகள் அச்சொல்லை ஏற்றுக்கொண்டனர். ஆயினும், எல்லா வரிக்குதிரைகளையும் அவர்கள் குவாக்கா என்றே அழைக்கலாயினர். சிக்கல் இங்கேதான் தொடங்கியது.

தங்கள் ஆடுமாடுகளின் மேய்ச்சலுக்குப் போட்டி எனக் கருதியும், தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் குடியேறிகள் குவாக்காக்களைச் சுட்டுக் கொன்றனர். 1883 ஆகஸ்டு 12ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் விலங்குப் பூங்காவில் ஒரு பெண் குவாக்கா இறந்தது. அதுவே உலகின் கடைசிக் குவாக்கா என்பதை அங்கிருந்தோர் அறியவில்லை. பூங்காவினர் வேறொன்றை அனுப்புமாறு கேட்டனர். உள்நாட்டுப் பகுதிகளில் இன்னும் கிடைக்கும் என்று வேட்டைக்காரர்கள் நம்பினர். அந்நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. அப்பகுதிகளில் மேய்ந்த பிற வரிக்குதிரைகளுக்கும் மக்கள் வாயில் வழங்கிய பெயர் குவாக்காதான். சொல் உயிரோடிருந்தமையால் விலங்கின் மறைவு கண்ணுக்குப் படவில்லை. 1900இல் ஆப்பிரிக்க வனவிலங்குப் பாதுகாப்பு உடன்படிக்கை உருவான காலத்திலேதான் அது அற்றுப்போனது பன்னாட்டளவில் ஏற்கப்பட்டது.

பின்னர் நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. 1984இல் அருங்காட்சியகத் தோலொன்றில் ஒட்டியிருந்த உலர்ந்த தசையிலிருந்து அதன் மரபணுத் துணுக்குகள் படிக்கப்பட்டன. அற்றுப்போன விலங்கொன்றின் மரபணு படிக்கப்பட்டது அதுவே முதன்முறை. குவாக்கா தனி இனமன்று, சமவெளி வரிக்குதிரையின் உட்பிரிவே என்பதை ஆய்வுகள் உணர்த்தின. அறிவியல் பெயரீட்டில் முதலில் வெளியான பெயருக்கே உரிமை. 1785இல் பாடர்ட் இட்ட குவாக்கா என்னும் பெயர் மூத்தது. ஆகவே, இன்று வாழும் சமவெளி வரிக்குதிரைகள் அனைத்தும் ஏட்டில் ஈக்வஸ் குவாக்கா எனப்படுகின்றன! குடியேறிகளின் பிழையான வழக்கை அறிவியலே வேறு வழியில் உறுதிசெய்துவிட்டது.

1987இல் ரைன்ஹோல்ட் ராவ் தொடங்கிய திட்டத்தின் வழி, வரி குறைந்த வரிக்குதிரைகளைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்து வருகின்றனர். அவ்வாறு பிறந்தவற்றை ‘ராவ் குவாக்கா’ என அடைமொழியோடு குறிப்பது நேர்மையான வழக்கு என்பது நம் கருத்து.

குதிரை, காண்டாமிருகம், தாப்பிர் ஆகிய மூன்றும் ஒற்றைப்படைக் குளம்பு வரிசையைச் சேர்ந்த உறவினங்கள். மலாயில் காண்டாமிருகத்திற்குப் பாடாக் என்று பெயர். தாப்பிருக்குரிய பெயர்களுள் ஒன்று பாடாக் தம்போங். மலேசியாவின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகமான இமான், 2019 நவம்பர் 23ஆம் நாள் சபாவில் இறந்தது. இன்று நம் காடுகளில் பாடாக் என்னும் பெயரைத் தாங்கி உலவுவது தாப்பிரே.