சுண்டுவிரல் இடைவெளி

சத்தியவேட்டுப் பக்கம் எங்கள் ஊர் ஏரி வற்றுகிற சித்திரையில் தாத்தா பரணிலிருந்து ஊத்தாவை இறக்குவார். மூங்கில் சிம்புகளைக் கயிற்றால் பின்னிய கூடை அது. மேலே கை நுழைகிற அளவுக்கு வாய்; கீழே அகன்ற வாய். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே சேற்றில் குத்துவார். மீன் மாட்டினால் சிம்பில் முட்டும். அந்த அதிர்வு உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். மேல்வாயில் கைவிட்டு விராலைத் துழாவி எடுப்பார். "கெளுத்தி முள்ளு, பாத்துடா" என்பார் என்னிடம்.

மழைக்காலத்துக்கு வேறு கூடு. புதுவெள்ளத்தை எதிர்த்து மீன் ஏறி வரும். அது வருகிற பக்கம் வாய் இருக்கும்படி மடையில் கூட்டைப் பதிப்பார். வாய்க்குள் இன்னொரு சின்னக் கூம்பு. அதன் சிம்பு நுனிகள் உள்பக்கம் குவிந்திருக்கும். நுழையும்போது வளைந்து வழிவிடும், திரும்பினால் குத்தும். உள்ளே போன மீன் ஓரத்தையே தடவிச் சுற்றும்; வழியோ நடுவில். ராத்திரி வைத்தால் விடியலில் எடுக்கலாம், காவல் வேண்டாம்.

இந்தக் கூடு எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அயர்லாந்தில் குளோவன்ஸ்டவுன் என்ற இடத்துச் சதுப்புமண்ணில் சுமார் 7,000 ஆண்டு பழைய கூம்புக் கூடைகள் கிடைத்தன. ஆஸ்திரேலியாவில் குண்டிச்மாரா மக்கள் கல் கால்வாய் அமைத்து, அதில் கூடை பதித்து விலாங்கு பிடித்தார்கள். அந்தக் கால்வாய்கள் உள்ள பட்ஜ் பிம் நிலம் 2019இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. யாரும் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. மீனின் புத்தி எங்கும் ஒன்றுதான். அதைக் கவனித்தவர்கள் கூடை முடைந்தார்கள்.

எங்கள் பக்கத்துக்கே வருவோம். பிச்சாட்டூர் அணையில் திறக்கிற தண்ணீர் ஆரணியாறாக ஓடிப் பழவேற்காடு ஏரியில் சேர்கிறது. அந்த உப்பங்கழியில் பெரும்பகுதி ஆந்திராவில், 2022இல் பிறந்த திருப்பதி மாவட்டத்துத் தடா, சூளூர்பேட்டைப் பக்கம் கிடக்கிறது. தமிழகக் கரையில் இருளர் பெண்கள் தண்ணீருக்குள் தவழ்ந்து கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். இரு கையும் சேற்றில் இருப்பதால், பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள்.

தாத்தாவுக்குக் கூடு முடைந்து தந்தவர் ஒரு யானாதிப் பழங்குடிப் பெரியவர். வாங்குமுன் தாத்தா சிம்புகளுக்கு நடுவே சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். நுழையாவிட்டால் திருப்பிக் கொடுப்பார். "குஞ்சு போவட்டும்பா, அடுத்த வருசம் நம்மகிட்டதான் வரும்."

போன ஐப்பசியில் என் தம்பி மகன் அதே மடையில் கொசுவலையைக் கட்டினான். விடிந்ததும் அரை வாளி குஞ்சு. "பாருங்க பெரியப்பா, எவ்ளோன்னு!" என்றான். நான் வலையில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். நகம்கூட நுழையவில்லை.