உடற்பயிற்சி செய்யும்போது கொட்டாவி வருதா? சோம்பேறித்தனம் இல்லீங்க... காரணமே வேற!

சென்னை:-

அதிகாலை 5 மணி. மெரினா, பெசன்ட் நகர் கடற்கரையிலும், ஏரியா மைதானங்களிலும் ஓட்டம், தண்டால், பஸ்கி என்று ஆட்கள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம். ஓரமாக நின்று பார்த்தால் ஒரு வேடிக்கையும் தெரியும். வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து நிற்கும் வாலிபர், அடுத்த நொடியே "ஆ..." என்று வாயைப் பிளந்து கொட்டாவி விடுவார்.

ஜிம்மிலும் இதே கதைதான். நல்ல வெயிட் போட்டு பெஞ்ச் பிரஸ் அடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்ததும் ஒரு கொட்டாவி. பார்த்துவிட்ட மாஸ்டர், "என்னப்பா, பாடி ஏத்த வந்தியா, தூங்க வந்தியா?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போடுவார். போலீஸ் வேலைக்காக 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க பயிற்சி எடுக்கும் பசங்களுக்கும் இந்த திட்டு வழக்கமாக விழுவதுண்டு.

பாவம், கொட்டாவி விட்டவர் மேல் தப்பே இல்லை. கொட்டாவி யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அடக்க நினைத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கு வழியாக விடலாமே தவிர, முழுசாக நிறுத்த முடியாது.

சரி, உடம்பு ஓடிக்கொண்டு இருக்கும்போது தூக்கத்துக்கு வரும் கொட்டாவி ஏன் வரவேண்டும்?

ஆக்சிஜன் கதை

"உடம்புக்கு ஆக்சிஜன் பத்தலை, அதான் கொட்டாவி வருது" என்பதுதான் பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில். ஜிம் மாஸ்டர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். கேட்பதற்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது தப்பு என்று 1987-ம் ஆண்டிலேயே சோதனை செய்து காட்டிவிட்டார்கள்.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ராபர்ட் புரோவைன் என்பவர் கல்லூரி மாணவர்களை உட்கார வைத்து, சுத்தமான 100 சதவீத ஆக்சிஜனை சுவாசிக்க வைத்தார். ஆக்சிஜன் குறைவுதான் காரணம் என்றால் கொட்டாவி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

பிறகு கார்பன்-டை-ஆக்சைடு 3 முதல் 5 சதவீதம் வரை கலந்த காற்றைக் கொடுத்தார். நாம் சாதாரணமாக சுவாசிக்கும் காற்றில் இது 0.1 சதவீதம்கூட கிடையாது. மாணவர்களுக்கு மூச்சு வேகமாக வாங்கியது. ஆனால் கொட்டாவி கூடவில்லை.

கடைசியாக, மூச்சு இரண்டு மடங்கு வேகமாகும் அளவுக்கு உடற்பயிற்சி செய்யச் சொன்னார். அப்போதும் கொட்டாவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதாவது மூச்சு தனி, கொட்டாவி தனி என்பது தெளிவானது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையும் கொட்டாவி விடும். ஸ்கேன் படத்தில் டாக்டர்களே பார்த்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு ஆக்சிஜன் வருவது தொப்புள் கொடி வழியாக. அதன் நுரையீரலில் காற்றே கிடையாது. அது எந்தக் காற்றை இழுக்க வாயைத் திறக்கிறது?

ஆக, கொட்டாவி வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்து இழுத்து விடுவதால் கொட்டாவி நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேகவேகமாக மூச்சு விட்டால் தலைசுற்றல்தான் மிச்சம்.

தலைக்கு ஒரு ரேடியேட்டர்

அப்படியானால் உண்மையான காரணம் என்ன? இதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இப்போது அதிகம் பேசப்படுவது 'மூளை சூடு' கணக்கு.

ஆட்டோ, லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். என்ஜின் சூடானால் ரேடியேட்டர் ஆறவைக்கிறது அல்லவா? அதுபோல மூளை சூடு லேசாக ஏறும்போது, தாடையை அகலமாகத் திறந்து காற்றை உள்ளே இழுப்பதால் முகத்திலும் தலையிலும் ரத்த ஓட்டம் கூடி மூளை கொஞ்சம் ஆறுகிறது என்கிறார்கள். உடற்பயிற்சி செய்தால் உடம்பு சூடாகும், கூடவே தலையும் சூடாகும். அதனால் கொட்டாவி வருகிறது என்பது இந்தக் கணக்கு.

2007-ம் ஆண்டு அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஆண்ட்ரூ கேலப் என்ற ஆராய்ச்சியாளர் இதை சோதித்தார். மற்றவர்கள் கொட்டாவி விடும் வீடியோவை போட்டுக் காட்டினால், பார்ப்பவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும் அல்லவா? அந்த வீடியோவை பார்த்தவர்களில் நெற்றியில் சூடான பை வைத்திருந்தவர்களில் 41 சதவீதம் பேர் கொட்டாவி விட்டனர். ஜில்லென்ற பை வைத்திருந்தவர்களில் வெறும் 9 சதவீதம் பேர்தான் விட்டனர். மூக்கு வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னவர்களுக்கு கொட்டாவியே தொற்றவில்லை.

எலிகளின் மூளையில் கருவி பொருத்தி 2010-ல் பார்த்தபோதும், கொட்டாவிக்கு சற்று முன்பு சூடு லேசாக ஏறுவதும், விட்ட பிறகு இறங்குவதும் தெரிந்தது.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் வெளிக்காற்று குளிர்ச்சியாக இருந்தால்தான் கொட்டாவியால் லாபம். சித்திரை வெயிலில் காற்றே உடம்பு சூட்டில் அடிக்கும்போது அதை இழுத்து என்ன ஆறப்போகிறது? அமெரிக்காவின் அரிசோனா பாலைவனப் பகுதியில் 2011-ல் வெளிவந்த ஆய்வும் இதையே சொன்னது. குளிர்காலத்தில் கிட்டத்தட்ட பாதிப்பேர் கொட்டாவி விட்டனர், 37 டிகிரி கோடையில் கால்வாசிப் பேர்கூட விடவில்லை.

இதை ஒத்துக்கொள்ளாத விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். ஒரு கொட்டாவிக்கு அவ்வளவு சூட்டை இறக்கும் சக்தி இல்லை என்பது அவர்கள் வாதம். சண்டை இன்னும் ஓயவில்லை.

ஒலிம்பிக்கிலும் கொட்டாவி

சோம்பேறிதான் கொட்டாவி விடுவான் என்பவர்கள் அபோலோ ஓனோவை பார்க்கவேண்டும். பனிச்சறுக்கு ஓட்டப்பந்தய வீரரான இவர் 2006-ல் இத்தாலியின் டூரின் ஒலிம்பிக்கில் 500 மீட்டரில் தங்கம் வென்றவர். போட்டிக்கு முன்பு கோட்டருகே நின்று பெரிய பெரிய கொட்டாவியாக விடுவது இவருடைய வழக்கம். விமானத்தில் இருந்து முதல்முறை குதிக்கப்போகும் பாராசூட் வீரர்களும் கொட்டாவி விடுவதாக கூறப்படுகிறது. உயிர் பயத்தில் நிற்பவருக்கு தூக்கமா வரும்?

ஒரு நிலையில் இருந்து இன்னொரு நிலைக்கு உடம்பு மாறும்போது கொட்டாவி வருகிறது என்பது இதற்கு சொல்லப்படும் விளக்கம். தூக்கத்தில் இருந்து விழிப்பு, விழிப்பில் இருந்து தூக்கம், சும்மா இருப்பதில் இருந்து பரபரப்பு. ஜிம்மில் ஒரு செட் முடித்து அடுத்த செட்டுக்கு காத்திருக்கும் இடைவெளியில் கொட்டாவி வருவதும் இதனால்தான் இருக்கலாம்.

நம்மூர் பெரியவர்கள் கொட்டாவி வந்தால் வாய்க்கு நேராக சொடக்கு போடுவார்கள். அதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஆனால் ரொம்ப அகலமாக வாயைத் திறந்து தாடை மூட்டு நழுவி, மூட முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நிஜமாகவே உண்டு. தாடையின் கீழே கையை வைத்து தாங்கிக்கொண்டு விடுவது நல்லது.

தூக்கக் கடன்

மூளை சூடு, நிலை மாற்றம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். மைதானத்திலும் ஜிம்மிலும் கொட்டாவி விடுகிறவரிடம் "நேத்து எத்தனை மணிக்கு படுத்தே?" என்று கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

பெரியவர்களுக்கு 7 மணி நேர தூக்கமாவது வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். நைட் ஷிப்ட் செக்யூரிட்டி, கோயம்பேடு மார்க்கெட்டில் ராத்திரி முழுக்க மூட்டை இறக்குபவர், கடைசி சவாரியை 12 மணிக்கு இறக்கிவிட்டு வரும் ஆட்டோ டிரைவர்... இவர்களுக்கு 7 மணி நேரம் எங்கே கிடைக்கும்? 12 மணிக்கு வந்து, செல்போனை ஒரு மணி நேரம் நோண்டிவிட்டு, 5 மணிக்கு அலாரம் வைத்து ஜிம்முக்கு ஓடினால் தூக்கம் 4 மணி நேரம்தான். இப்படி ஒரு வாரம் ஓடினால் எவ்வளவு கடன் சேரும் என்று அவரவரே கணக்கு போட்டுக்கொள்ளலாம்.

தூக்கம் இல்லாமல் வெயிட் தூக்கினால் கை சமநிலை தவறும், காயம் ஆகும். சதை வளர்வது ஜிம்மில் இல்லை, அதற்குப் பிறகு ஓய்வெடுக்கும்போதுதான் என்பதால் பாடியும் ஏறாது. அதைவிட ஆபத்து, அப்படியே போய் வண்டியில் உட்காருவது. பயிற்சியில் வந்த கொட்டாவி ஸ்டியரிங்கிலும் தொடர்ந்தால், கண் சொருகப்போகிறது என்று அர்த்தம். அந்த நாளில் ஜிம்மை விட்டுவிட்டு 2 மணி நேரம் தூங்குவதே லாபம். டீ குடித்து சமாளித்தால் தூக்கம் தள்ளித்தான் போகும், கடன் தீராது.

சிலர் 8 மணி நேரம் படுத்தும் பகலெல்லாம் கொட்டாவி விடுவார்கள். இவர்களிடம் கேட்பதைவிட வீட்டு அம்மாவிடம் கேட்பது மேல். "வீடே அதிர்ற மாதிரி குறட்டை, நடுவுல மூச்சே நின்னுபோற மாதிரி இருக்கும்" என்று அவர் சொன்னால், தூக்கத்தில் மூச்சு தடைபடும் வியாதியாக இருக்கலாம். தொண்டை மூடி மூடித் திறப்பதால் உடம்பு படுத்திருக்கிறதே தவிர தூங்குவதில்லை. இதற்கு வைத்தியம் இருக்கிறது. காட்டாமல் விட்டால் ரத்தக்கொதிப்பும் சேர்ந்துகொள்ளும்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளாலும் சிலருக்கு கொட்டாவி அதிகமாகும். அதற்காக மாத்திரையை தானாக நிறுத்தக்கூடாது, எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் போதும்.

எப்போது நிறுத்தவேண்டும்?

கொட்டாவி தனியாக வந்தால் பயமில்லை. கூட யாரை அழைத்துக்கொண்டு வருகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

கொட்டாவியோடு கண் இருட்டி, குமட்டி, முகம் வெளுத்தால் மயக்கம் வரப்போகிறது. வேகமாக ஓடிவிட்டு சடாரென்று நிற்பவர்களுக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய வெயிட் தூக்குபவர்களுக்கும் இது நடக்கும். காலில் ரத்தம் தங்கி, மூளைக்குப் போவது குறைவதுதான் காரணம். உடனே படுக்க வைத்து காலைத் தூக்கி வைக்கவேண்டும். ஓடி முடித்தவர்கள் 5 நிமிடமாவது நடந்துவிட்டு நிற்பது இதற்காகத்தான்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நடக்கப்போய், கை நடுங்கி, வியர்த்து, பசி எடுத்து, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். பையில் 4 மிட்டாயோ குளுகோசோ இருக்கட்டும்.

நெஞ்சு விஷயம்தான் முக்கியமானது. கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29-ந்தேதி உடற்பயிற்சி செய்த பிறகு நெஞ்சில் அசவுகரியம் ஏற்பட்டு 46 வயதில் இறந்தார். அதில் இருந்து ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு சின்னதாக எது வந்தாலும் பயம். அவர் மரணத்துக்கும் கொட்டாவிக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் மாரடைப்பு வரும்போது நரம்பு தூண்டப்பட்டு சிலருக்கு அடுக்கடுக்காக கொட்டாவி வருவது உண்டு என்கிறார்கள் டாக்டர்கள்.

நெஞ்சில் கல்லை வைத்தது போல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல். இதில் ஒன்று கொட்டாவியோடு சேர்ந்தாலும் "கேஸ் டிரபிளா இருக்கும், ஒரு சோடா குடி" என்று உட்கார வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது. பயிற்சியை அந்த இடத்திலேயே நிறுத்தி, 108-க்கு போன் செய்யவேண்டும். நோயாளியை பைக்கில் நடுவே உட்கார வைத்து கூட்டிப் போவதையும் தவிர்க்கவேண்டும். ஆம்புலன்சில் ஆக்சிஜனும், முதலுதவி தெரிந்த ஆளும் இருப்பார்கள், பைக்கில் இரண்டுமே கிடையாது.