கூடாரத்தைத் தின்ற பங்கசும் வெந்நீரூற்றுப் பற்றீரியாவும்

இரண்டாம் உலகப் போரில் தென் பசுபிக் தீவுகளில் நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படையினரின் கூடாரங்களும் சீருடைகளும் வேகமாக உக்கிப்போயின. இடம்பெயர்ந்த நம் மக்கள் அறிந்த தறப்பாள் பிளாஸ்டிக்கால் ஆனது. அது இலகுவில் உக்காது. அந்தக் கூடாரங்களோ பருத்தித் துணி. பருத்தி ஏறத்தாழ முழுவதும் செலுலோசு.

துணியைத் தின்றவற்றுள் சொலமன் தீவுகளில் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பங்கசும் இருந்தது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பவரின் பெயரால் அது இன்று ட்ரைக்கோடெர்மா ரீசி என அழைக்கப்படுகிறது. துணியைக் காப்பாற்றத் தொடங்கிய அந்த ஆய்வு, 1970களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் தாவரக் கழிவிலிருந்து எரிபொருள் எடுக்கும் முயற்சியாக மாறியது.

சோற்றிலுள்ள மாப்பொருளும் வைக்கோலிலுள்ள செலுலோசும் குளுக்கோசுச் சங்கிலிகளே. பிணைப்பு முறைதான் வேறு. செலுலோசின் பிணைப்பை வெட்டும் நொதியம் மனித உடலில் இல்லை. மாடு வைக்கோலைச் செரிப்பதும் அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களின் தயவால்தான். அவை சுரக்கும் செலுலேசு நொதியங்கள் சங்கிலியைத் துண்டாக்கிச் சீனியாக்குகின்றன. அந்தச் சீனியை நொதிக்கவைத்தால் எதனோல் கிடைக்கும்.

சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. வைக்கோலை முதலில் சூடாக்கிப் பதப்படுத்தினால்தான் செலுலோசை மூடியுள்ள லிக்னின் தளரும். பங்கசின் நொதியங்களோ 50 பாகை செல்சியசை அண்டியே நன்கு இயங்கும். சூடு அதிகமானால், அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போல உருக்குலைந்துவிடும். ஆகவே ஆறவைக்க வேண்டும். அதற்குள் வேறு கிருமிகளும் புகுந்து சீனியைத் தின்னும்.

இதற்கு விடை தேடியவர்கள் வெந்நீரூற்றுகளை நாடினர். ரஷ்யாவின் கம்சாட்காவில் கிடைத்த கால்டிசெலுலோசிரப்டர் பெஸ்கி என்ற பற்றீரியா 75 பாகைச் சூட்டிலும் வளர்கிறது. அதன் 'செல்-ஏ' நொதியத்தில் இரண்டு வெட்டும் பகுதிகள் ஒரே மூலக்கூறில் இணைந்துள்ளன. அது செலுலோசின் மேற்பரப்பைச் சுரண்டுவதோடு நில்லாமல் குழி தோண்டி உள்ளே செல்வதை 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர்.

சோளத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் எடுக்கும் எதனோல் உணவுப் பயிரோடு போட்டியிடுகிறது. வைக்கோலிலிருந்து எடுப்பது அப்படியல்ல. மாட்டுக்கும் மண்ணுக்கும் போக எஞ்சுவதையே எடுக்கலாம். நொதியத்தின் விலை இன்னும் பெரிய தடையாகவே உள்ளது. சூட்டைத் தாங்கி நீண்டநேரம் உழைக்கும் நொதியம் அந்தச் செலவைக் குறைக்குமானால், அறுவடை முடிந்ததும் வயலிலேயே தீ வைக்கப்படும் வைக்கோல் விவசாயிக்கு இன்னொரு வருமானமாகலாம்.